சிவப்பு மழையும் ஊகங்களின் கணக்கும்

2001 ஜூலை 25. கேரளத்தின் கோட்டயம், இடுக்கி மாவட்டங்களில் மழை சிவப்பாகப் பெய்தது. வெளுத்துப் போட்ட துணிகளில் இளஞ்சிவப்புக் கறை ஏறியது. ஒரு நாளோடு ஓயாமல், விட்டுவிட்டு செப்டம்பர் வரை அப்படிப் பெய்தது. முதல் மழைக்குச் சற்று முன்பு சங்கனாச்சேரிப் பக்கம் பெரிய வெடிச்சத்தம் கேட்டதாகவும், பளிச்சென்று வெளிச்சம் தெரிந்ததாகவும் மக்கள் சொன்னார்கள்.

விண்கல் வெடித்து, அதன் தூசி மழையில் கலந்திருக்கும் என்றுதான் திருவனந்தபுரத்தின் புவி அறிவியல் ஆய்வு மையமும் முதலில் நினைத்தது. சில நாட்களிலேயே அந்தக் கருத்தைக் கைவிட்டது. நுண்ணோக்கியில் தெரிந்தவை தூசித் துகள்கள் அல்ல, தடித்த சுவருடைய செல்கள். மாதிரி, பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனது. வளர்ப்பு ஊடகத்தில் இட்டதும் அந்தச் செல்கள் முளைத்துப் பாசியாக வளர்ந்தன. அதன் பெயர் டிரெண்டிபோலியா. வகையால் பச்சைப்பாசி, உள்ளே நிறைந்திருக்கும் கரோட்டினாய்டு நிறமி பச்சையை மறைத்துவிடுவதால் கண்ணுக்குச் செம்மஞ்சளாகத் தெரியும். ஈரமான மலையோர ஊர்களில் மரப்பட்டையில் அந்த நிறத்தைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். இத்தகைய பாசியும் பூஞ்சையும் கூடி வளரும் லைக்கன்கள் சங்கனாச்சேரியில் மரங்களிலும் பாறைகளிலும் விளக்குக் கம்பங்களிலும் அப்பிக் கிடந்தன. மழையில் வந்தவை பாசியின் வித்துகள் என்று அந்த ஆண்டு நவம்பரில் அறிக்கை வெளிவந்தது.

ஆனால் உலகப் பத்திரிகைகளை ஈர்த்தது வேறொரு விளக்கம். கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் காட்ஃபிரே லூயிஸ், சந்தோஷ் குமார் இருவரும் 2006இல் ஆய்விதழ் ஒன்றில், இவை வால்மீன் துண்டு ஒன்றிலிருந்து வந்த வேற்றுலகச் செல்களாக இருக்கலாம் என்று எழுதினார்கள்.

கேட்பதற்கு இது எளிமையானது. வானத்தில் ஒன்று வெடித்தது, சிவப்பு மழை பெய்தது, அவ்வளவுதான். ஆனால் அதை ஏற்க வேண்டுமானால் எவற்றையெல்லாம் நம்ப வேண்டியிருக்கிறது? வால்மீனில் செல்கள் இருக்க வேண்டும். வளிமண்டலத்தில் நுழையும்போது எழும் வெப்பத்தில் அவை கருகாமல் தப்ப வேண்டும். பருவக்காற்று வீசும் காலத்தில் இரண்டு மாதம் கலையாமல் நின்று, பெரும்பாலும் ஒரே வட்டாரத்தில் விழ வேண்டும். இத்தனைக்கும் மேலாக, அந்த ஊர்ப் பாசியின் வித்தைப் போலவே இருந்தாக வேண்டும். ஒன்றுக்குக்கூடத் தனிச் சான்று இல்லை. பாசி விளக்கத்திலோ பாசி கண்முன்னே இருக்கிறது, வித்து விடுவது அதன் இயல்பு.

14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் துறவி ஓக்கமின் வில்லியம் வலியுறுத்திய நெறி இதுதான்: தேவையின்றி ஊகங்களைப் பெருக்காதே. இதைச் சுருக்கமான கதையே உண்மை என்று புரிந்துகொள்பவர்கள் ஏராளம். பிழை அங்கேதான் தொடங்குகிறது. எண்ண வேண்டியது, சான்றில்லாமல் நம்பச் சொல்லும் சங்கதிகளை.

அந்த எண்ணிக்கையும் இறுதித் தீர்ப்பு ஆகிவிடாது. யுரேனஸ் கணக்கிட்ட பாதையிலிருந்து விலகியபோது, காணாத கோள் ஒன்று அதை இழுக்கிறது என்றார் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே. 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பினார்கள். அவர் சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள்ளேயே நெப்டியூன் இருந்தது. புதனின் பாதையில் விலகல் தெரிந்தபோதும் 1859இல் அவர் அதே வழியில் இன்னொரு கோளை ஊகித்தார். அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. பல ஆண்டுகள் தேடியும் அது அகப்படவில்லை. 1915இல் ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கோட்பாடுதான் அந்த விலகலை விளக்கியது. இரண்டு தடவையும் ஊகம் ஒன்றே ஒன்று. முடிவு சொன்னது வானம். எங்கே முதலில் தேடுவது என்பதற்குத்தான் எளிமை உதவும்.

கேரளத்திலும் அப்படித்தான் நடந்தது. 2015இல் வெளியான மரபணு ஒப்பீடு, அந்த வித்துகள் ஆஸ்திரியாவில் அறியப்பட்ட டிரெண்டிபோலியா இனம் ஒன்றைச் சேர்ந்தவை என்று காட்டியது. இத்தனை வித்துகள் ஒரே சமயத்தில் மேகத்துக்கு எப்படி ஏறின என்பது இன்னும் தெளிவாகவில்லை. அது நல்ல கேள்வி, காற்றையும் பாசியையும் ஆராய்ந்து விடை காண வேண்டியது. அடுத்த அதிசயச் செய்தி வரும்போது பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: ஒவ்வொரு விளக்கமும் எதையெல்லாம் நம்பச் சொல்கிறது என்பதையும் செய்தியோடு சேர்த்தே வெளியிடுவது.