விற்பது சீட்டை, வாங்குவது ஆளை!

பரிசுச் சீட்டு வியாபாரம் கடைவீதியை விட்டுச் செல்போனுக்குள் குடியேறிவிட்டது. காகிதச் சீட்டு விற்றவன் வாங்கியவனிடம் பெயர் கேட்டதில்லை, ஊர் கேட்டதில்லை. காசைக் கொடுத்தான், சீட்டை வாங்கினான், ஏமாந்தான். நஷ்டம் காசோடு போயிற்று.

இன்று அப்படியா? ஆன்லைனில் ஒரு சீட்டு வாங்க வேண்டுமானால் பெயர், விலாசம், பிறந்த தேதி, போன் நம்பர், பாங்கிக் கணக்கு அத்தனையும் கொடுத்தாக வேண்டும். நாம் கொடுக்காததையும் கம்பெனி குறித்துக்கொள்கிறது. எத்தனை மணிக்கு ஆடினான், எந்தத் தேதியில் அதிகம் போட்டான், எவ்வளவு தோற்றான் என்று ஒவ்வொன்றும் கணக்கில் ஏறுகிறது. காசையும் பறிகொடுத்து, தன் ஜாதகத்தையும் பறிகொடுக்கிறான் உழைப்பாளி.

இந்த விவரங்களையெல்லாம் கண்ணின் மணிபோல் காப்பதாகக் கம்பெனிக் கனவான்கள் சத்தியம் செய்கிறார்கள். அந்தச் சத்தியத்தின் யோக்கியதை என்ன? சட்டமும் கண்காணிப்பும் பலமாக இருப்பதாகப் பெருமை பேசும் பிரிட்டனையே பார்ப்போம்.

அங்கே தேசிய லாட்டரியை 1994 முதல் 2024 வரை நடத்தியது கேமலாட் என்ற கம்பெனி. 2016 நவம்பர் கடைசியில் ஒரு சேதி வெளிவந்தது. 95 லட்சம் ஆன்லைன் கணக்குகளில் சுமார் 26,500 கணக்குகளுக்குள் அந்நியர்கள் நுழைந்திருக்கலாம் என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. அதற்கு அது சொன்ன சமாதானம் என்ன? எங்கள் பெட்டகம் உடையவில்லை, ஆட்டக்காரர்கள் வேறு இடங்களிலும் ஒரே பாஸ்வேர்டை வைத்திருந்ததால் வந்த வினை என்றது. 2018 மார்ச்சில் மீண்டும் அதே கதை. இம்முறை சுமார் 150 கணக்குகள். 1 கோடியே 5 லட்சம் பேருக்கும் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி ஓலை போயிற்று!

நாம் கேட்கிறோம்: ஒரே ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டால் எவனும் உள்ளே புகலாம் என்று கதவு வைத்தவன் யார்? மில்லில் இயந்திரத்துக்குக் காப்புத் தகடு போடாமல் விட்டு, விரல் போன பிறகு “நீ கவனமாக இருந்திருக்க வேண்டும்” என்று சொல்லும் முதலாளியின் குரல் அல்லவா இது!

இன்னொன்றையும் கேளுங்கள். பிரிட்டிஷ் கல்வி இலாகாவிடம் 14 வயது முதலான மாணவர்களின் படிப்பு விவரங்கள், 2 கோடியே 80 லட்சம் பேர் வரை, ஒரு பதிவேட்டில் இருந்தன. 2018 செப்டம்பர் முதல் 2020 ஜனவரி வரை டிரஸ்டோபியா என்ற தனியார் கம்பெனி அதைத் திறந்து பார்த்தது. எதற்காக? சூதாட்டக் கம்பெனிகளில் கணக்குத் திறப்போரின் வயதைச் சரிபார்க்க! பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த விவரம் சூதாட்டக் கடைக்குப் பயன்பட்டது. விசாரித்த தகவல் ஆணையர், 1 கோடி பவுனுக்கு மேல் அபராதம் விதிக்கத்தக்க குற்றம் என்றார். விதித்தாரா? இல்லை. 2022 நவம்பரில் ஒரு கண்டனக் கடிதத்தோடு முடிந்தது.

ஸ்கை பெட்டிங் அண்ட் கேமிங் என்ற பந்தயக் கம்பெனியின் சங்கதியும் இதுவே. 2023 ஜனவரி முதல் மார்ச் வரை, அதன் இணையப் பக்கத்தைத் திறந்தவன் சம்மதம் என்றோ மறுப்பு என்றோ சொல்லுமுன்பே அவனது விவரம் விளம்பரக் கம்பெனிகளுக்குப் போயிற்று. 2024 செப்டம்பரில் அதற்கும் ஒரு கண்டனம். அவ்வளவுதான்!

“நிபந்தனைகளுக்குச் சம்மதித்துத்தானே சேர்ந்தார்கள்?” என்று கம்பெனி வக்கீல்கள் வாதிடுவார்கள். பக்கம் பக்கமாக வக்கீல் பாஷையில் எழுதி, அடியில் ‘சம்மதம்’ என்று ஒரு பொத்தானை வைத்தால் அது சம்மதமா? வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிய பண்ணையாரும் சம்மதம் என்றுதான் சொன்னார்! “சிறுவர்கள் ஆடாமல் தடுக்க விவரம் வேண்டாமா?” என்றும் கேட்பார்கள். வேண்டும். வயதைச் சரிபார், வேலை முடிந்ததும் அந்த விவரத்தை அழி. அதை வைத்து வியாபாரம் செய்யாதே!

இது பிரிட்டன் சமாசாரம் என்று நாம் சும்மா இருக்க முடியாது. தமிழ்நாட்டில் 2003லேயே லாட்டரி விற்பனை தடை செய்யப்பட்டது. கேரள சர்க்கார் லாட்டரியோ காகிதச் சீட்டாக மட்டுமே விற்கப்படுகிறது. ஆன்லைனில் விற்பனை கிடையாது. ஆயினும் அதன் பெயரைச் சொல்லிப் போலி விளம்பரங்கள் செல்போனில் வலை விரிக்கின்றன. அந்த வலையில் விழுபவன் எந்தச் சட்டத்தை நம்புவது?

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023ல் நிறைவேற்றியது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. விவரத்தைக் காக்கத் தவறிய கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதமாம். நல்லது! அந்தப் பணம் யாருக்கு? சர்க்கார் கஜானாவுக்கு. பறிகொடுத்தவனுக்கு ஒரு காசும் இல்லை. நஷ்ட ஈடு கோர வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்கவும் இதே சட்டம் வகை செய்திருக்கிறது. போதாதென்று, பொய்ப் புகார், அற்பப் புகார் என்று முடிவானால் புகார் கொடுத்தவனுக்கே 10,000 ரூபாய் வரை அபராதம்! எழுதப் படிக்கத் திணறும் விவசாயத் தொழிலாளி இதற்குப் பிறகு புகார் கொடுக்க முன்வருவானா?

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. பறிகொடுத்தவனுக்கு நஷ்ட ஈடு கிடைக்க வேண்டும். புகார் கொடுப்பவனை மிரட்டும் அபராதம் ஒழிய வேண்டும். நிபந்தனைகள் எளிய தமிழில், படித்துக் காட்டக்கூடிய அளவில் இருக்க வேண்டும். சூதாட்டக் கம்பெனி சேர்த்த விவரம் வேறு எவன் கைக்கும் போகக்கூடாது.

தோழர்களே! பரிசு விழுந்தது என்று எவன் அழைத்தாலும் ஆதார் எண்ணையும் ஓ.டி.பி.யையும் சொல்லாதீர்கள். பக்கத்துத் தறிக்காரருக்கும் வயலில் கூட நிற்பவருக்கும் இதைச் சொல்லுங்கள். ஏமாந்தவரைக் கேலி செய்யாதீர்கள். சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். தனி மனிதனின் புகாரைக் குப்பையில் போடலாம். ஆயிரம் பேர் சேர்ந்து கொடுக்கும் புகாரைப் போட முடியாது!