பீடத்தில் நிற்கும் இரும்பு

குளிர் தேடி ஏற்காட்டுக்குச் செல்வோர் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணுவர். காப்பித் தோட்டங்களைக் கண்டு களிப்பர். ஏரியில் படகேறிப் பாட்டுப் பாடுவர். மலையடியில், சேலத்துப் புறத்தில் வெளுத்துக் கிடக்கும் நிலத்தை மட்டும் எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அங்கே வெட்டியெடுக்கப்படுவது மக்னசைட். வட்டாரத்து உழைப்பாளர் அதற்கு இட்ட பெயர் வெள்ளைக்கல். சூளையிலிட்டுச் சுட்டுச் செங்கல்லாக்கி, உருக்கு உலையின் உட்சுவரில் அதைப் பதிக்கின்றனர். இரும்பு நீராய் ஓடும் வெப்பத்திலும் அந்தக் கல் இளகுவதில்லை. போர்வீரனுக்குக் கவசம் தருவது உருக்கு. அந்த உருக்கை ஈன்றெடுக்கும் உலைக்கே கவசம் தருவது சேர்வராயன் மலையடி!

மலைமேலே மற்றொரு செல்வம், பாக்சைட். 1965இல் இயங்கத் தொடங்கிய மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலையும் கல் கொடுத்தது. அலுமினியம் என்றால் அடுப்பங்கரைப் பாத்திரந்தானே என்று எண்ணாதீர். எம் 113 என்ற கவச ஊர்திக்கு அமெரிக்கர் போர்த்தியது அலுமினியத் தோலையே!

தோழர்களே! டாங்கியின் பெயர் நமக்குத் தெரியும். அதை ஏவிய தளபதியின் பெயர் தெரியும். கல்லை உடைத்தவன், தகட்டை வளைத்தவன், ஆணியை அடித்து முடுக்கியவன் பெயர் தெரியுமா? தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றோமா? அதுவும் இல்லை.

போர் வரலாற்றில் விந்தையான இருவகைக் கவச ஊர்திகள் உண்டு. ஒன்று, பகைவனிடமிருந்து பறித்தெடுத்தது. மற்றொன்று, கையில் கிடைத்ததைக் கொண்டு அவசரத்தில் ஆக்கிக்கொண்டது. பறித்தெடுத்ததைப் பீடத்தில் ஏற்றுகிறார்கள். ஆக்கிக்கொண்டதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள். வெற்றிக்குச் சிலை, உழைப்புக்குத் துரு! இது நேர்மைதானா என்பதே நம் கேள்வி.

பறித்தெடுத்ததன் கதையை முதலில் காண்போம். 1941 சனவரியில், வட ஆப்பிரிக்காவின் டோப்ருக் நகரைத் தாக்கிய ஆஸ்திரேலியப் படையினர், இத்தாலியரிடமிருந்து கைப்பற்றிய டாங்கிகளையே களத்தில் ஓட்டினர். தம் படையே தம்மைச் சுட்டுவிடக் கூடாதே என்ற அச்சத்தில், அவற்றின் மேல் பெரிய வெள்ளைக் கங்காருவை வரைந்துகொண்டனர். நேற்று முசோலினியின் வாகனம். இன்று கங்காருவின் வாகனம்! இரும்புக்கு இனம் ஏது, கொடி ஏது? யார் கை முடுக்குகிறதோ அவர் பக்கம் அது ஓடும்.

நம் நாட்டுக் கதை 1965 செப்டம்பரில். பஞ்சாபின் கேம்கரண் அருகே அசல் உத்தர். பாகிஸ்தான் கொண்டுவந்தது அமெரிக்கா அளித்த பாட்டன் டாங்கிகள். பார் புகழும் டாங்கிகள்! நம் படையினர் வயல்களில் நீரைப் பாய்ச்சினர். பாட்டன் சேற்றிலே புதைந்தது. கரும்புக் காட்டுக்குள் கண் தெரியாமல் தவித்தது. அப்துல் ஹமீது என்ற வீரர் அவற்றை எதிர்த்து நின்றது எதில் ஏறி? டாங்கியிலா? இல்லை, ஜீப்பில்! பின்னுதைப்பு இல்லாத பீரங்கி ஒன்றைப் பொருத்திய, தகரத் தடுப்புக்கூட இல்லாத ஜீப்பில்! டாங்கி பல தகர்த்து, செப்டம்பர் 10ஆம் நாள் களத்திலேயே சாய்ந்தார். பரம்வீர் சக்கரம் அவருக்கு இறந்தபின் வந்தது. உத்தரப் பிரதேசத்துக் காசிப்பூர் மாவட்டச் சிற்றூரில் தையற்காரர் ஒருவரின் மகன் அவர்.

பிடிபட்ட டாங்கிகளை அருகே பிக்கிவிண்டில் வரிசையாக நிறுத்திவைத்தனர். பாட்டன் நகர் என்றே அந்த இடத்துக்குப் பெயர் வந்தது. அங்கிருந்து பல ஊர்களின் பீடங்களுக்கு அவை பயணமாயின. நல்லது. ஆனால் பீடத்தில் நிற்பது பகைவனின் இரும்பு. அதை வென்ற ஜீப்பைச் செய்தவனுக்குப் பீடம் இல்லை!

ஆக்கிக்கொண்டதன் கதை இதைவிடச் சுவையானது. அதே 1941இல் கருங்கடற்கரையின் ஒடேசா நகரம் முற்றுகையில் சிக்கியது. டாங்கி வரும் வழி அடைபட்டது. ஆலைத் தொழிலாளர் என் செய்தனர்? உழவு வண்டிகளை இழுக்கும் டிராக்டர்களுக்கு இரும்புத் தகட்டைப் போர்த்தினர். அந்த வண்டிக்கு இட்ட பெயரின் பொருளே 'அச்சுறுத்த' என்பதுதான்! விளக்கேற்றி, ஊளைச் சங்கு முழக்கி இரவிலே அவை பாய்ந்தன. மேடையிலே அட்டைக்கு வெள்ளித்தாள் ஒட்டி வாள் செய்து பகைவனை மிரட்டும் எம்போன்ற நாடகக்காரர்களுக்கு இந்த உத்தி நன்றாகவே விளங்கும். எமக்குத் திரை விழுந்தால் உயிர் மிஞ்சும். அவர்கள் ஏறியதோ திரை விழாத மேடை!

இந்தியாவிலும் அப்படியே. இரண்டாம் உலகப் போரில் இங்குள்ள படைக்குத் தர இங்கிலாந்திடம் கவச ஊர்தி போதவில்லை. கனடாவின் ஃபோர்டு அடிச்சட்டம் வந்தது. ஜாம்ஷெட்பூரின் டாட்டா ஆலை கவசத் தகட்டை வார்த்துத் தந்தது. இரயில்வே பட்டறைகளின் கொல்லரும் பொருத்துநரும் இரண்டையும் இணைத்தனர். 4,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் இவ்வாறு பிறந்தன. 'இந்திய மாதிரிக் கவச வண்டி' என்பது ஏட்டிலுள்ள பெயர். 'டாட்டா நகர்' என்பது சிப்பாய்களின் செல்லப் பெயர். ஆலைக்குப் பெயர் வாய்த்தது. ஆணி அடித்தவனுக்கு?

கடல் கடந்து ஆனையிறவுக்கு வாருங்கள். 1991 சூலையில் இலங்கைப் படைமுகாமைத் தாக்கிய புலிகள், புல்டோசர் ஒன்றுக்கு இரும்புத் தகடு போர்த்தி முன்னே அனுப்பினர். காமினி குலரத்ன என்ற சிங்கள வீரர் கைக்குண்டுகளோடு அதன்மேல் ஏறி அதை நிறுத்தித் தானும் மடிந்தார். அந்தப் புல்டோசர் இன்று சாலையோரத்தில் வெற்றிச் சின்னமாக நிற்கிறது. மடிந்தவர் வீரத்தை மறுப்பது பண்பன்று, அது வீரமே. ஆனால் பலகையில் ஒரு பக்கத்துப் பெயர்தான் உண்டு. தகட்டைப் பற்றவைத்த தமிழ்க் கைகளுக்கும், உள்ளே இருந்து வெந்த தமிழ் உயிர்களுக்கும் அங்கே ஒரு சொல் இல்லை. பிடித்தவன் கையில் பேனா இருக்கும்வரை, பிடிபட்ட இரும்பு அவன் கதையைத்தான் சொல்லும்!

இப்போது ஆவடிக்கு வருவோம். பாட்டன் பிடிபட்ட அதே 1965இன் இறுதியில், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. இரவல் இரும்பை நம்பி இராதே என்று நாட்டுக்குச் சொன்னது அந்தத் தொழிற்சாலை. அந்தத் தொழிலாளருக்கு நாடு செய்த நன்றி என்ன? 2021 அக்டோபர் முதல் நாள், 41 படைக்கலத் தொழிற்சாலைகளைக் கொண்ட வாரியம் கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகளாகக் கூறுபோடப்பட்டது. ஆவடி அவற்றுள் ஒன்றின் கீழ்ப் போயிற்று. எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ய முனைந்த தொழிலாளருக்கு எதிராக, அதே ஆண்டில் முதலில் அவசரச் சட்டம், பின்னர் நாடாளுமன்றச் சட்டம்! கவசம் செய்தவனுக்கே கவசம் இல்லை. அவனுக்கிருந்த ஒரே கவசம் சங்கம். அதன் மீதும் சம்மட்டி!

பீடத்து டாங்கியை இறக்கு என்று நாம் கேட்கவில்லை. அதன் அடியில் இன்னும் ஒரு பலகை வை என்கிறோம். கல் வெட்டியவர், உலை காத்தவர், தகடு பொருத்தியவர் என மூன்று வரி போதும். ஆவடித் தொழிலாளர் வேலைப் பாதுகாப்புக்காக வாதாடும்போது, அது அவர்கள் கூலிச் சண்டை என்று ஒதுங்கி நிற்காமல் தோள் கொடு என்கிறோம். வெள்ளைக்கல் தூசியைச் சுவாசித்து மார்பு நொந்த சேலத்துத் தொழிலாளிக்கு மருத்துவமும் ஓய்வூதியமும் கேட்டு, நம் கிளைக் கழகங்கள் மனு எழுதட்டும், ஊர்வலம் போகட்டும்.

போர் வந்தால்தான் கவசம் தேவை என்பது அரசாள்வோர் கணக்கு. உழைப்பவனுக்கு நாள்தோறும் போர். அவனுக்கு நாள்தோறும் கவசம் வேண்டும்!