வெயில் இருக்கிறது... வீட்டுக்கு சோலார் போடலாமா?

கேள்வி: 'எங்கள் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் கரன்ட் பில்லே வராது, கரன்ட் போனாலும் கவலையில்லை என்று ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓடுகிறது. கடன் வாங்கிப் போடலாமா?'

- வாசகர், கமுதி, ராமநாதபுரம் மாவட்டம்.

பதில்: உங்கள் பகுதி சூரிய மின்சாரத்துக்கு ஏற்றதுதான். 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் கமுதியில்தானே இருக்கிறது! 1 கிலோவாட் பேனல், சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். அதற்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். பேனல் தெற்கு பார்த்து, லேசான சாய்வில் இருக்க வேண்டும்.

ஆனால், கணக்கு உங்களுக்குச் சாதகமாக இல்லை. முதல் 100 யூனிட் இலவசம். மீதி 80 யூனிட்டுக்கு 200 ரூபாயை ஒட்டித்தான் பில் வரும். அதாவது, வருடத்துக்கு சுமார் 1,200 ரூபாய். பிரதமரின் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அது போக நீங்கள் போடும் பணத்துக்கு வட்டிகூடத் தேறாது. கடன் வாங்க வேண்டாம்.

ஏ.சி., மாவு அரைவை என்று இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கு விஷயம் வேறு. அந்த அளவைத் தாண்டினால் கட்டண விகிதமே ஏறிவிடும். அவர்களுக்கு 2 கிலோவாட் போட்டாலே நல்ல பலன். மானியம் 60,000 ரூபாய்.

'கரன்ட் போனாலும் கவலையில்லை' என்பதும் சரியல்ல. மின்வாரிய லைனோடு இணைத்த, பேட்டரி இல்லாத சோலார், கரன்ட் போனதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

போடுகிறவர்கள் கவனிக்க: பேனலுக்கு வெளிச்சம்தான் தேவை, சூடு அல்ல. சூடு ஏற ஏற உற்பத்தி குறையும். எனவே, பேனலுக்கு அடியில் காற்றோட்டம் வேண்டும். தென்னை மட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் மொத்த உற்பத்தி குறையலாம். புழுதியை அதிகாலையில் கழுவுங்கள். உச்சி வெயிலில் சூடான கண்ணாடியில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆடிக் காற்றைத் தாங்கும்படி சட்டத்தை கான்கிரீட்டில் இறுக்கச் சொல்லுங்கள். மானியம், வேலை முடிந்து ஆய்வான பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும்.

தோட்டத்துக்கு இன்னும் மின் இணைப்பு கிடைக்கவில்லை என்றால், வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் சோலார் பம்புசெட் மானியம் பற்றி விசாரியுங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு வெயில் காசாவது அங்கேதான்.