எரிமலைக்குள் ஒரு நாள் டூர்

2019 டிசம்பர் 9, திங்கட்கிழமை. நியூசிலாந்தின் ஒயிட் தீவில் விஞ்ஞானிகள் பொருத்தியிருந்த கேமரா பிற்பகல் 2.10-க்கு ஒரு படம் எடுத்தது. எரிமலை வாய்க்குள், சாம்பல் நிறத் தரையில், சின்னச் சின்னப் புள்ளிகளாக ஒரு கூட்டம் நடந்து போகிறது. அடுத்த நிமிடம் மலை வெடித்தது.

அப்போது தீவில் இருந்தவர்கள் 47 பேர். அவர்களில் 22 பேர் பிழைக்கவில்லை. அந்த மலைக்குப் பழகிய வழிகாட்டிகள் 2 பேரும் இதில் அடக்கம்.

கரையிலிருந்து 48 கி.மீ. தள்ளி, கடலுக்கு நடுவில் இருக்கிறது இந்தத் தீவு. மாவோரி மக்கள் வைத்த பெயர் ஃபகாரி. இங்கே மலை ஏறவே தேவையில்லை. படகிலிருந்து இறங்கினால் நேராக எரிமலையின் வாய்க்குள்ளேயே நடக்கலாம். தலைக்கு ஹெல்மெட், மூச்சுக்கு மாஸ்க் கொடுப்பார்கள். அன்று வந்தவர்களில் பலர் சொகுசுக் கப்பல் பயணிகள். கப்பல் துறைமுகத்தில் நின்ற நேரத்தில் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர்கள்.

எச்சரிக்கை இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. மூன்று வாரம் முன்பே, நவம்பர் 18-ல், எச்சரிக்கை நிலையை 1-லிருந்து 2-க்கு உயர்த்தியிருந்தார்கள். மொத்தம் 5 வரை உண்டு. ‘அஞ்சுக்கு ரெண்டுதானே’ என்றுதான் நமக்கும் தோன்றும். ஆனால் 3, 4, 5 எல்லாம் ஏற்கெனவே வெடித்துக்கொண்டிருக்கும் மலைக்கான எண்கள். வெடிக்காத மலைக்கு 2-தான் உச்சம்! இதை டிக்கெட் எடுக்கிறவருக்குப் புரியும்படி சொல்வது டிக்கெட் விற்கிறவரின் கடமை என்பேன்.

அன்று வந்தது நெருப்புக் குழம்பு அல்ல, நீராவி. அடைத்துக்கொண்ட பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். பாறைக்கு அடியில் கொதித்துக்கிடந்த தண்ணீர் வழி தேடி வெடித்தது. இந்த வகை வெடிப்பு, ஓடித் தப்பிக்கும் அளவுக்கு அவகாசம் தருவது அபூர்வம். சாம்பலும் விஷவாயுவும் கலந்த சூடான புகை தரையோடு தரையாகக் கடல் வரை பாய்ந்தது. சிலர் கடலில் குதித்தார்கள். அரைக்கை சட்டை, அரை டிராயரில் வந்தவர்களுக்குத் தீக்காயம் மோசம். சிகிச்சைக்காக அமெரிக்காவிலிருந்து 12 லட்சம் சதுர செ.மீ. தானத் தோலை வரவழைக்க வேண்டியிருந்தது.

இந்தத் தீவு ஏற்கெனவே உயிர்ப்பலி கேட்ட தீவுதான். 1914-ல் கந்தகம் வெட்டிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள், சரிந்து வந்த சேற்றில் புதைந்துபோனார்கள். மிஞ்சியது அவர்கள் வளர்த்த பூனை மட்டும்.

2019-க்குப் பிறகு தீவில் இறங்கும் டூர்கள் நின்றுவிட்டன. நம் அந்தமானில் இருக்கும் பேரன் தீவும் உயிருள்ள எரிமலைதான். அதைக் கப்பலில் இருந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

வேறு நாட்டில் எரிமலை டூர் போகிறீர்களா? இன்றைய எச்சரிக்கை எண் என்ன, அதற்கு என்ன அர்த்தம் என்று கேளுங்கள். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்றும் கேளுங்கள். ஒயிட் தீவில் காயம்பட்டவர்களைப் படகில் கரை சேர்க்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.