பாட்டி வைத்த கூடை

அவலூர்பேட்டைக்காரர்களான எங்களுக்குக் கோழியைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பொழுது சாய்ந்தால் அது முருங்கைக் கிளையைத் தேடி ஏறும். முட்டையிடும் நேரம் வந்தால் கத்திக்கொண்டே வைக்கோற்போர் இடுக்குக்கும் பரண்மேல் கிடக்கும் பழங்கூடைக்கும் அலையும். வெயிலில் சாம்பல் குழியில் புரண்டு செள்ளு உதிர்க்கும். அந்தத் தவிப்பு அறிந்துதான் எங்கள் பாட்டிகள் கூடையில் வைக்கோல் பரப்பி மூலையில் வைத்தார்கள். இத்தனையும் தெரிந்த நாங்கள் வாய் திறக்கவில்லை. அதுதான் எங்கள் குற்றம்.

முப்பது முட்டை அட்டையை வாங்கும்போது விலை கேட்டோம், உடைசல் பார்த்தோம். சத்துணவில் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் முட்டை சிறிதாக இருந்தால் குறைபட்டோம். அதை இட்ட கோழி எப்படி நிற்கிறது என்று ஒருநாளும் விசாரித்ததில்லை. எங்களில் நாமக்கல் பக்கம் போய்வந்தவர்களும் அடுக்கடுக்கான கம்பிக் கூண்டுகளைக் கண்டும் பேசாமல் திரும்பினார்கள். 2023இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விதியே ஒரு கோழிக்குக் குறைந்தது 550 சதுர சென்டிமீட்டர் இடம் என்கிறது. ஒரு ஏ4 தாள் அதைவிடப் பெரிது. அந்த இடத்தில் சிறகை விரிக்க முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் சட்டம் இயற்றி, 2012 தொடக்கம் முதல் வெறுங்கூண்டைத் தடை செய்தது. கூண்டு வைப்பதானால் கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர் இடம், ஏறி உட்கார 15 சென்டிமீட்டர் கம்பு, முட்டையிட மறைவு, கிளறுவதற்குப் படுகை, நகம் தேய்க்க ஒரு பட்டை எல்லாம் வேண்டும். படித்தபோது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அது எங்கள் புழக்கடையின் பட்டியல்.

முட்டை குறையுமே என்று பண்ணைக்காரர் அஞ்சுவதில் தவறில்லை. ஆனால் இப்படி வசதி செய்த கூண்டுகளில் முட்டை எண்ணிக்கை பெரும்பாலும் வெறுங்கூண்டுக்கு இணையாகவே இருக்கிறது, எலும்பும் வலுக்கிறது. முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்தில் ஒரு பங்கைக் கோழி தன் எலும்பிலிருந்தே எடுக்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 300 முட்டை இடும் உடம்பு, நடக்கவும் ஏறவும் வழியின்றி நின்றால் எலும்பு உளுத்துப்போகும். கம்பைச் சரியாக அமைக்காவிட்டால் நெஞ்செலும்பு முறிவதும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. இதற்கெல்லாம் செலவு பிடிக்கும். அந்தச் செலவில் பங்கு தர நாங்கள் முன்வந்ததே இல்லை. எட்டணா குறைக்கச் சொல்லித்தான் பேரம் பேசினோம்.

இட்டு ஓய்ந்த லேயர் கோழி ஒன்றை எங்கள் தெருவில் மலிவாக வாங்கிவந்து முற்றத்தில் விட்டார்கள். முதல் நாள் நகரத் தெரியாமல் நின்றது. மூன்றாம் நாள் சாம்பல் குழிக்குப் போய்ப் படுத்து, சிறகை விரித்துப் புரண்டது. மண்ணையே பார்த்திராத கோழி. தெருவே நின்று பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை அதை அறுத்துவிட்டோம்.