எஞ்ஜினுக்கு எண்ணெய்க் குளியல்

சனிக்கிழமை தலையில் நல்லெண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்துக் குளித்தால் உடம்புச் சூடு இறங்கும் என்பது நம் பரம்பரை நம்பிக்கை. அதே வைத்தியத்தைக் காருக்கும் செய்கிறோம். சித்திரை பிறந்தால் போதும், மெக்கானிக் ஷெட்டில் ஒரு குரல் கேட்கும்: ‘‘சார், புக்குல போட்டிருக்கிற ஆயில் தண்ணியாட்டம் இருக்கு. நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்காது. கெட்டியா இருபது-அம்பது ஊத்திடறேன். வண்டி சும்மா ஜில்லுனு ஓடும்.’’

ஓடாது சார். சொல்லப்போனால், ஆயில் சில டிகிரி கூடுதலாகவே சூடாகும்.

முதலில் வரவு செலவு. (பி.காம். புத்தி எங்கே போகும்?) நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால், சுமாராக முப்பது ரூபாய்தான் வண்டியை ஓட்ட. மீதி எழுபதும் சூடு. அதில் ஏறக்குறைய பாதி சைலன்ஸர் வழியாகப் போகிறது. மறுபாதியில் பெரும்பங்கை ரேடியேட்டர் தண்ணீர் சுமந்து போய்க் காற்றில் விடுகிறது. ஆனால் தண்ணீர் எட்டாத இடங்கள் உண்டு. பிஸ்டனின் அடிவயிறு, கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகள்... அங்கெல்லாம் போய்ச் சூட்டை வாங்கி வருவது ஆயில்தான். 1998-ல் விடைபெற்ற பழைய வகை போர்ஷே 911 எஞ்ஜினுக்கு ரேடியேட்டர் தண்ணீரே கிடையாது. காற்றும் ஆயிலும் மட்டும்தான். அதற்காகவே சுமார் பத்து லிட்டர் ஆயில், அதற்கு ஒரு தனி டாங்க்!

சூட்டை வாங்கினால் போதாது, வாங்கிக்கொண்டு இடத்தைக் காலி பண்ண வேண்டும். கெட்டி ஆயில், கல்யாணப் பந்தியில் பாயசம் முடிந்தும் எழுந்திருக்காத மாமா மாதிரி. பேரிங்கின் முடி அகல இடுக்கில் மெதுவாகத்தான் நகரும். போதாததற்கு, கெட்டித் திரவத்தைக் கடைவதிலேயே புதுச் சூடு பிறக்கும். அந்தக் கடைசலுக்கும் உங்கள் பெட்ரோல்தான் செலவு.

‘அப்ப வெயில்?’ என்பீர்கள். 0டபிள்யூ-20 என்றால் டபிள்யூ விண்டருக்கு. முன் எண், குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு. பின் எண், 100 டிகிரியில் எவ்வளவு கெட்டி என்பதற்கு. ஓடுகிற எஞ்ஜினில் ஆயில் இருப்பது அந்த 100 டிகிரி பக்கம்தான். வேலூர் வெயிலைப் பார்த்து அது பயப்படாது. உங்கள் வண்டியின் புத்தகமே இருபது-ஐம்பது கேட்டால் தாராளமாக அதையே ஊற்றுங்கள். கேட்காத வண்டிக்கு ஊற்றாதீர்கள்.

இன்னொன்று. டாஷ்போர்டு முள் காட்டுவது தண்ணீரின் சூட்டை. பெரும்பாலான கார்களில் அதை 80, 90 டிகிரி பக்கம் பிடித்து வைக்கிறவர் தெர்மோஸ்டாட். முள் ஏறினால் கூலன்ட் ஒழுகுகிறதா, ஃபேன் சுற்றுகிறதா, தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டதா என்று பாருங்கள். அதை விட்டு ஆயிலை மாற்றுவது காய்ச்சலுக்கு முடி வெட்டிக்கொள்வது போல. நீங்கள் ஆயில் மாற்றி நிம்மதியாக இருக்கும்போது கூலன்ட் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் கேஸ்கெட் போய், ஹெட் வளைந்து, தவணை முடியாத வண்டி ஷெட்டில் படுத்துவிடும்.

கெட்டியைவிட முக்கியம் அளவு. மூன்று லிட்டர் செய்கிற வேலையை இரண்டு லிட்டர் செய்தால், பாதிப் பேர் லீவு போட்ட ஆபீஸ் கதைதான். வந்தவர்களுக்குத் தலை சூடாகும். அதிகமாக ஊற்றினாலும் வம்பு. கிராங்க் ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரை, சூட்டை வாங்காது. எனவே மாதம் இரண்டு முறை சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவுங்கள். துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் ஆயில் இருந்தால் நிம்மதி. செலவு ஒரு பழைய பனியன் துணி.

ஓடும்போது ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால் மட்டும், ‘பங்க் வரைக்கும் போய்ப் பார்த்துக்கலாம்’ என்ற பேச்சே வேண்டாம். ஆயிலின் அழுத்தம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். ஓரங்கட்டி உடனே அணைத்துவிடுங்கள். ஆபீஸுக்கு லேட்டாகும். மானேஜரும் சூடாவார்தான். அவர் தானாகவே ஆறிவிடுவார்!