வீட்டுவழிக் கல்வி: குவிந்து கிடக்கும் இணையப் பாடங்கள்; வரிசைப்படுத்துவதே பெற்றோரின் சவால்

புது தில்லி: குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்க முடிவெடுக்கும் பெற்றோருக்கு இன்று பாடப்பொருளுக்குப் பஞ்சமில்லை. 2017 செப்டம்பரில் தொடங்கப்பட்ட 'தீக்ஷா' தளம், என்சிஇஆர்டி பாடநூல்களின் மின்பதிப்புகள், வகுப்புக்கு ஓர் அலைவரிசை என்ற முறையில் ஒளிபரப்பாகும் பிஎம் இ-வித்யா பாடங்கள், கான் அகாதெமி காணொலிகள் என யாவும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆயினும், எதை எந்த வாரத்தில் கற்பிப்பது, கற்றது மனத்தில் நின்றதா என எவ்வாறு அறிவது என்பவற்றை ஒவ்வொரு குடும்பமும் தானே முடிவு செய்ய வேண்டியுள்ளது. பள்ளியில் ஆசிரியரின் பாடக்குறிப்பு செய்யும் வேலை, வீட்டில் பெற்றோரின் பொறுப்பாகிறது.

சட்டமும் இதில் தெளிவாக இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, 6 முதல் 14 வயது வரையிலான குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமையாக்குகிறது. அதை நிறைவேற்றாத பெற்றோருக்கு எந்தத் தண்டனையையும் அச்சட்டம் விதிக்கவில்லை. இந்த இடைவெளியில்தான் வீட்டுவழிக் கல்வி இயங்கி வருகிறது. பள்ளியில் சேராத குழந்தையை வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க 4-ஆவது பிரிவு வழி செய்வதால், இடையில் மனம் மாறும் குடும்பங்களுக்கும் வாய்ப்பு உண்டு.

உண்மையான நெருக்கடி 14 வயதை எட்டும்போது வருகிறது. பள்ளிக்குச் செல்லாத மாணவர் 10-ஆம் வகுப்புக்கு இணையான சான்றிதழ் பெறுவதற்கு முக்கிய வழி, தேசிய திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனமான என்ஐஓஎஸ். அதன் இடைநிலைப் படிப்பில் சேரக் குறைந்தபட்ச வயது 14. குறைந்தது ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும். பொதுத் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகிறது. எளிதில் கவனத்திலிருந்து நழுவக்கூடிய ஒரு செய்தி உண்டு. என்ஐஓஎஸ் தனக்கெனத் தனிப் பாடத்திட்டத்தையும் பாடநூல்களையும் கொண்டது. எட்டாம் வகுப்பு வரை என்சிஇஆர்டி நூல்களையும் அவற்றுக்கான காணொலிகளையும் பின்பற்றிய மாணவர், பழக்கத்தின் பேரில் அதே வரிசையைத் தொடர்ந்தால், படித்தது ஒன்று, தேர்வில் கேட்கப்படுவது வேறொன்று என்ற நிலை நேரலாம். எனவே, வீட்டுப் பாட அட்டவணையைத் தேர்விலிருந்து பின்னோக்கி வகுப்பதே பொருத்தமாகும்.

பாடநூல்களே மாறி வருவது மற்றொரு சிக்கல். என்சிஇஆர்டி 2023-இல் 1, 2-ஆம் வகுப்புகளுக்கும், 2024-இல் 3, 6-ஆம் வகுப்புகளுக்கும் புதிய நூல்களை வெளியிட்டது. 2025-இல் 4, 5, 7, 8-ஆம் வகுப்புகளின் முறை வந்தது. ஆறாம் வகுப்பில் வரலாறு, புவியியல், குடிமையியல் என மூன்றாக இருந்த நூல்கள் ஒன்றாகிவிட்டன. பழைய அத்தியாய எண்களை நம்பிக் காணொலிகளைச் சேகரித்து வைத்திருந்தவர்களின் பட்டியல் ஒரே ஆண்டில் பயனற்றதாகியிருக்கும். பாடநூலில் அச்சிடப்பட்டுள்ள க்யூஆர் குறியீட்டின் வழியே செல்வது ஓரளவு பாதுகாப்பானது.

இவற்றுக்கெல்லாம் நல்லதொரு முன்மாதிரி, ஊரடங்குக் காலத்தில் உருவானது. 2020 ஏப்ரலில் என்சிஇஆர்டி வெளியிட்ட மாற்றுக் கல்வி நாள்காட்டி, வாரவாரியாகப் பாடங்களை வகுத்தளித்தது. குழந்தை அடைய வேண்டிய கற்றல் விளைவை அது முதலில் குறிப்பிட்டது. அதற்குரிய பாடப்பகுதியும் இணைய வளமும் செயல்பாடும் அதனுடன் பொருத்தப்பட்டன. இணைய வசதி இல்லாத வீடுகளுக்குத் தொலைபேசி அழைப்பு, குறுஞ்செய்தி வழியாக வழிகாட்டவும் அது கருதியது. அவசரத்தில் தயாரானதெனினும், இந்த வரிசைமுறை இன்றும் பின்பற்றத்தக்கது.

பின்னங்களை எடுத்துக்கொண்டால், 'சமமற்ற இரு பின்னங்களை ஒப்பிடுதல்' என்ற இலக்கை முதலில் எழுதிவிட்டு, பாடநூலின் பயிற்சியையும் ஒரே ஒரு காணொலியையும் தேர்ந்தெடுக்கலாம். சப்பாத்தியை ஆறாகவும் எட்டாகவும் வெட்டி, எந்தத் துண்டு பெரியது என்று கேட்பது செயல்பாடாகும். வார இறுதியில் குழந்தை தானே எழுதிய ஐந்து கணக்குகள் சான்றாக நிற்கும். ஒரே கருத்துக்குப் பத்துக் காணொலிகளைச் சேர்ப்பது பெற்றோருக்கு நிறைவளிக்கலாம். குழந்தைக்கு அது சுமையே.

திரை நேரமும் கணக்கில் கொள்ள வேண்டியது. ஊரகப் பகுதிகளில் எடுக்கப்படும் ஏஎஸ்இஆர் ஆய்வின் 2024 அறிக்கையின்படி, 14 முதல் 16 வயதினரில் திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களுள், முந்தைய வாரத்தில் கல்விக்காக அதைப் பயன்படுத்தியோர் சுமார் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியோர் சுமார் 76 சதவீதம். பள்ளி மாணவர்களையும் உள்ளடக்கிய இக்கணக்கு, நாள் முழுவதும் வீட்டிலிருந்து கற்கும் குழந்தைகளின் பெற்றோருக்கும் ஓர் எச்சரிக்கையாகும்.

அறிவியல் பாடத்தில் மட்டும் வீடு போதாது. அம்ரிதா பல்கலைக்கழகமும் சி-டாக் நிறுவனமும் உருவாக்கிய 'ஓலேப்ஸ்' தளத்தில் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளின் சோதனைகளைத் திரையில் செய்து பார்க்கலாம். எனினும், என்ஐஓஎஸ் செய்முறைத் தேர்வுக்கு மாணவர் நேரில் செல்ல வேண்டும்; அதற்கான பயிற்சி நாள்களையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே அட்டவணையில் ஒதுக்கிவிடுவது நல்லது.